மூன்று எண்ணுவதற்குள்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு மதியம் முழுக்க எங்கள் கடை அவர் பெயரை ஊருக்கே காட்டிவிட்டது. என் பங்குக்கு நானும் ஒருமுறை காட்ட வேண்டாம் என்று பார்க்கிறேன். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் எங்களுக்கு முதலில் அறிமுகமானது குறை சொல்லும் வாடிக்கையாளராகத்தான். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்களுக்கு மசாலாத்தூள், பலகாரக் கடை. கீழே விற்பனை, மாடியில் பொட்டலம் கட்டுகிற வேலை. இணையத்திலும் ஒரு கடை வைத்திருந்தோம். திங்கட்கிழமை தவறாமல் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். “உங்கள் கடை திறக்க இன்று பத்தொன்பது வினாடி ஆனது.” அடுத்த வாரம், “இன்று இருபத்திரண்டு.” அதற்கு மேல் வாழ்த்தும் இருக்காது, வசவும் இருக்காது. மரை கழன்ற ஆள் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லையே நான். அவ்வளவு அக்கறை இருந்தால் வந்து சரி பண்ணிக் கொடுங்களேன் என்று பதில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை கடை திறக்கப் போனால், மூடிய ஷட்டருக்கு முன்னால் முதுகுப்பையோடு ஒருவர் நிற்கிறார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன்.

“பத்தொன்பது வினாடி நான்தாங்க” என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அப்போது அவர் ரொம்பவே தேவைப்பட்டார். கடையின் வாடகை ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. கிறிஸ்துமஸ் வியாபாரம் இணையத்தில் நிமிரவில்லை என்றால் கடையை விட்டுவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவே பண்ணியிருந்தார். அது அவர் அப்பா தொடங்கிய கடை, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நின்ற கடை. நாங்கள் கத்தோலிக்கர்கள். கோயில் ஆட்கள் பாதிப் பேர் கிறிஸ்துமஸ் அச்சு முறுக்கும் அதிரசமும் எங்களிடம்தான் வாங்குவார்கள். ஆனால் தீவின் மறுகோடியில், சுவா சூ காங்கில் இருக்கிறவர் முறுக்குக்காக ரயிலேறியா வருவார்? கையில் இருக்கிற போனைத்தான் தட்டுவார். திறந்தால் எங்கள் கடை, திறக்காவிட்டால் அடுத்த கடை. கடை நிற்குமா போகுமா என்பது அந்த ஒரு தட்டில் இருந்தது.

பெரிய நிறுவனம் ஒன்றில் இதே வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர் என்பதை அவரே சொன்னார். அதற்கு மேல் தன்னைப்பற்றி அவர் பேசியதில்லை. மாடிப்படி ஓரத்தில் மல்லித்தூள் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார். போனில் எங்கள் கடையைத் தட்டிவிட்டு வாய்க்குள் எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்று வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பக்கம் அதற்குப் பிறகு திறந்தாலும் பார்க்க மாட்டார். திறந்துவிட்டதே அண்ணே, பாருங்கள் என்று நான் சொன்னபோது தலையை ஆட்டினார்.

“மூணுக்கு மேல ஆளு நிக்க மாட்டாங்க தங்கச்சி. போயிடுவாங்க. ஏன் போனாங்கன்னும் சொல்ல மாட்டாங்க.”

புது போன்களை அவர் நம்பவில்லை. அந்த விரிசல் போனை எடுத்துக்கொண்டு ரயிலேறுவார். வடகிழக்குப் பாதை முழுக்கச் சுரங்கம். அந்தப் போனுக்கு அங்கே மூச்சு வாங்கும். கதவோரம் நின்றபடி நிலையத்துக்கு நிலையம் கடையைத் திறந்து பார்த்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வருவார். ஒருநாள் என்னையும் இழுத்துப் போனார். ஃபேரர் பார்க் நிலையம் தாண்டியதும் போனை என்னிடம் நீட்டி, நான் யாரோ ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். தட்டினேன். வெள்ளைத்திரை. அடுத்த நிலையம் பூன் கெங் வந்தது, வெள்ளைத்திரை. என் கடை வாசலில் நானே நின்று, உள்ளிருந்து யாரும் எட்டிப் பார்க்காதது மாதிரி இருந்தது. அவமானமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்தேன்.

எடுப்பதுதான் அவர் வேலை. வீட்டுக்காரர் ஆசையாசையாகக் கடைப்பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குப் பனி கொட்ட வைத்திருந்தார். அதிரசத்தின் மேலும் மிளகாய்த்தூளின் மேலும் பனி கொட்டிக்கொண்டே இருக்கும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் எங்கே பனி என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். வீட்டுக்காரர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு படங்கள். ஒவ்வொரு முறுக்கின் எள்ளும் தெரிகிற மாதிரி கல்யாண போட்டோக்காரரை வைத்து எடுத்தவை. அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று சுருக்கினார். பிறகு மூலையில் குதித்து வந்து, உதவி வேண்டுமா என்று கேட்கிற பெட்டி. அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஆளே கிடையாது. ஆள் இல்லாத வீட்டில் மணி மட்டும் எதற்கு என்று அதையும் எடுத்தார். பத்தொன்பது பதினொன்றானது. பதினொன்று ஆறானது. ஆறு நாலானது. நவம்பர் முடிவதற்குள் சுவா சூ காங்கிலிருந்து ஆர்டர் வந்தது. நான் அந்தச் சீட்டை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.

வேலையில்தான் இப்படி என்றில்லை. யாரையும் காக்க வைப்பது அவருக்கு ஆகவே ஆகாது. காப்பிக்கடையில் தனக்கு முன்னால் நிற்பவர் என்ன சொன்னாரோ அதையே தனக்கும் சொல்வார். ஒரு கையோடு இரண்டாகக் கலந்துவிடலாம், பின்னால் நிற்பவர்களுக்கு நேரம் மிச்சம் என்பார். அவருக்கு இனிப்பில்லாத டீதான் பிடிக்கும் என்பது எனக்கே நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை கண்டதையும் குடித்துக்கொண்டிருந்தார் மனுஷன். சூப்பர்மார்க்கெட்டில் பின்னால் வருகிற எல்லாரையும் முன்னே விட்டுவிட்டுக் கடைசி ஆளாக நிற்பார். லிப்ட் கதவு மூடுகிற நேரத்தில் தூரத்தில் யாராவது வந்தால் காலை நீட்டிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். நான் ஒரு நாளில் பாதியை அவசரத்திலேயே கழிக்கிறவள். அடுத்தவர் நேரத்தை அப்படிக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சரியாக ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிவிடுவார். “வீட்டுக்கு ஆளு வர்றாங்க, காக்க வைக்கக் கூடாது லா.” ஆங் மோ கியோவில் வீடு. ஒருநாள் கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு அழைத்தேன், ஆள் வருகிறார்கள் என்றார். எங்கள் கல்யாண நாளுக்கு அழைத்தேன், அதற்கும் அதுதான். மாடியில் பொட்டலம் கட்டுகிற என் நாத்தனாருக்கு அதில் பொறாமைகூட உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பம் அல்லவா, சொந்தம் கனடா வரை இருக்கும், அண்ணன் வீடு எப்போதும் ஜேஜே என்றுதான் இருக்கும் என்பாள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்தபோது அது நடந்தது. கடை நாலு வினாடியில் வந்து நின்றுவிட்டது. மூன்றுக்கு இறங்க மாட்டேன் என்கிறது. அவர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்கிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைத்துப் பரிமாறாமல், ஒருமுறை சமைத்ததைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே நீட்டுவது. அவர் துறையில் எல்லாரும் செய்வதுதானாம். தட்டினேன், திறந்துவிட்டது. ஒன்று என்று சொல்லக்கூட நேரமில்லை. வீட்டுக்காரர் கீழே போய் வாடிக்கையாளர்களின் போனை எல்லாம் வாங்கித் தட்டித் தட்டிக் காட்டினார். அண்ணன் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

ஆனால் அவர் பிரதி எடுத்தபோது தன் சொந்தக் கணக்கில் உள்ளே நுழைந்திருந்தார். அதனால் அன்று மதியம் எங்கள் கடையைத் திறந்த அத்தனை பேரையும் அண்ணன் பெயர் சொல்லி வரவேற்றது கடை. வணக்கம் இன்னார் அவர்களே. பெண்களையும் அப்படித்தான், தாத்தாக்களையும் அப்படித்தான். இரண்டு மணி நேரம் கழித்துப் போன் அடிக்கத் தொடங்கியது. யார் இந்த ஆள், என் போனில் இவர் பெயர் எப்படி வந்தது, என் வங்கி அட்டை எண் பத்திரமாக இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். ஒரு அம்மா போலீசுக்குப் போவேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்காகக் கட்டி வைத்த பெயர் ஒரு மதியத்தில் போகிறதே. படியேறிப் போய் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

“வேகம் வேகம்னு போய் எங்க கடையையே முடிச்சிட்டீங்க அண்ணே.”

பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார். “எத்தனை பேரு லைன்ல இருக்காங்க?” கேட்டுக்கொண்டே விசைகளைத் தட்டினார். பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆனது. அட்டை எண்கள் எதுவும் வெளியே போகவில்லை, அது வேறு இடத்தில் பூட்டியிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்து விளக்கினார். கடை மறுபடி நாலு வினாடிக்குப் போனது. முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. அந்த மதியம் பெயரைக் கவனிக்காமல் அவசரத்தில் பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் திரையில் அண்ணன் பெயர் மட்டுமல்ல, அவர் முகவரியும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. தொலைபேசி எண்ணை மட்டும் அவரவர் அடித்தார்கள். மறுநாள் காலை நாத்தனார் முகவரிச் சீட்டுகளை அச்செடுத்தால், பதினேழு பெட்டிக்கு அதே பெயர், ஆங் மோ கியோவில் அதே புளோக், அதே கதவு. வேறு யார் பெயராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பாள். இது அண்ணன் பெயர். அவர் வீட்டுக்குத்தான் தினமும் ஆள் வருகிறார்களே. இந்த வருஷம் பெரிய கூட்டம் போலிருக்கிறது, கேட்டால் கூச்சப்படுவார் என்று அவள் பாட்டுக்குக் கட்டி அனுப்பிவிட்டாள். அன்புக்காகப் பெட்டிக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கூடுதலாகவும் வைத்தாளாம்.

இருபத்துமூன்றாம் தேதி அவரே போன் செய்தார். பதினேழு பெட்டி வாசலில் இருக்கிறது, எல்லாம் அந்த மதியத்து ஆட்களுடையது, எண்களைக் கொடுங்கள் என்றார். கிறிஸ்துமஸ் வரை டெலிவரி வண்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தானே ஒவ்வொன்றாகத் தூக்கிப் போவதாகச் சொன்னார். பதினேழையும் ரயிலிலா? பேசாமல் அவர்களையே உங்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம் என்றேன்.

“வீட்டுக்கா?” என்றார். பிறகு, “சரி. வரட்டும்.”

பதினேழு பேருக்கும் என் போனிலிருந்தே சொல்லிவிட்டு, மறுநாள் மதியம் நானும் போனேன். கத்தியது மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. ஏழாவது மாடி. கதவு அகலத் திறந்திருந்தது. பெட்டிகளைத் தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கப்படி சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தார். ஒரு தட்டில் பாக்கெட் பானம். கூடத்தில் ஆறு நாற்காலிகள், தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் அப்போதுதான் கிழிக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. கத்தரிக்கோலும் பக்கத்திலேயே இருந்தது. என்றைக்கோ வாங்கி வைத்த நாற்காலிகள். அதில் யாரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வேறு ஆள் இருக்கிற அடையாளம் வீட்டில் எங்கேயும் இல்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவர் இங்கே குடிவந்து பதினொரு வருஷம் ஆகிறது, இந்தக் கதவு இப்படித் திறந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் நின்ற நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். லிப்ட்டிலிருந்து வெளியே வரும்போதே எண்ணைக் கேட்டு, அவர்கள் வாசலுக்கு வருவதற்குள் பெட்டியைக் கையில் வைத்திருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். பெட்டிதான் கைக்கு வந்துவிட்டதே, அவர்கள் நன்றி சொல்லிவிட்டு அதே லிப்ட்டில் இறங்கிவிட்டார்கள். பெட்டியைத் தேட அவர் ஒரு நிமிடம் எடுத்திருந்தால்கூட யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அது அவருக்கு வரவில்லை. நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கடையில் கூட்டம் இருந்தது, வீட்டுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது பதினாறு பேர் வந்துபோயாயிற்று என்றார். மீதி ஒன்று, மருத்துவமனையில் தாதியாக இருக்கிற ஒரு பெண்ணுடையது. கிறிஸ்துமஸ் அன்று காலை வேலை முடிந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். நாளைக்கு வீட்டில்தான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்றார்.

பிறகு ஜனவரியில் வேறொரு முறையில், யார் பெயரும் யாருக்கும் போகாத முறையில், கடையை இரண்டரை வினாடிக்குக் கொண்டுவந்து தந்தார். இன்றும் அப்படித்தான் திறக்கிறது. வேலை முடிந்ததும் வருவது நின்றுவிட்டது. வர ஒரு காரணம் இல்லாமல் வருகிற ஆள் இல்லை அவர். நானாவது போயிருக்கலாம். சிராங்கூனிலிருந்து ஆங் மோ கியோ என்ன கடல் தாண்டியா இருக்கிறது? போக எனக்கு முகமில்லை. மாடிப்படியில் கத்தியதற்காக இல்லை. அதை அவர் மறந்தே போயிருப்பார். அந்தக் கிறிஸ்துமஸ் நாளுக்காக.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வீட்டுக்காரர் ஆர்டர்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடையை விட வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அந்தத் தாதிப் பெண். வேலை நீண்டுவிட்டது, இங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போகிறேன், பெட்டி வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள். பாவம் என்று நினைத்தேன். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் யாரோ கையைப் பிடித்தார்கள், போன் பைக்குள் போய்விட்டது.

வீட்டில் நாற்பது பேர். பிரியாணி அண்டா இறங்கியது, கேக் வெட்டினோம், கடை பிழைத்த கதையை வீட்டுக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னார். கதையில் அண்ணனும் வந்தார். பதினேழு பெட்டி என்றதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. மணி ஆறேகால். சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டுக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“இன்னும் வரல தங்கச்சி. பரவாயில்ல, நர்சு வேலைல, டயத்துக்கு விட மாட்டாங்க. நான் எங்கயும் போகல. லிப்ட் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அவங்க வரமாட்டாங்க அண்ணே” என்றேன். “காலைலயே மெசேஜ் போட்டுட்டாங்க. நான்தான் மறந்துட்டேன்.”

கூடத்தில் மறுபடி சிரிப்பு எழுந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

“காலைலயேவா?” என்றார்.

மன்னிச்சிடுங்க என்று எதையோ முனகினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சரி தங்கச்சி” என்றார். “அப்ப நான் கதவைச் சாத்திடுறேன்.”